குடைக்கு நின்ற ரயில்

ஒரு பெண் ரயில் பாலத்தில் நடந்து வேலைக்குப் போக வேண்டிய நிலையை உண்டாக்கியவன் நான். அந்தப் பாலத்திலிருந்து விழுந்து அவளுடைய இடுப்பெலும்பு முறிந்த பிறகு, அவள் போக வேறு பாதை இருந்தது என்று விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொன்னவனும் நான்தான். பாதை இருந்தது உண்மை. அதை முள்ளுக்கம்பியால் அடைத்து வைத்திருந்தேன். அதிகாரி வந்த அன்று காலையில் மட்டும் கம்பியை அவிழ்த்துவிட்டேன்.

இவ்வளவுதான் விஷயம். பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சில வரிகளை எழுத எனக்கு முதுமை வர வேண்டியிருந்தது. இந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. அவளும் மற்றவர்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் கிளைப்பாதை பெரிய பாதையல்ல. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டி, வத்தேகம, உக்குவளை என்று வளைந்து வளைந்து போய் மாத்தளையில் முடிந்துவிடும். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. வெள்ளைக்காரர் கோப்பி ஏற்றுவதற்காகப் போட்டார்கள். கோப்பியில் நோய் விழுந்து அது அழிந்த பிறகு தேயிலைப் பெட்டியும் கொக்கோ மூட்டையும் ஏறின. பிறகு அவையும் லொறிக்குப் போய்விட்டன. மிஞ்சியது நாங்கள், அதாவது கண்டிக்குப் படிக்கவும் வேலைக்கும் போய்வருகிற சனம். பதுளைப் பக்கம் போகிற ரயிலைப் படம் பிடிக்க உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள். எங்கள் ரயிலைப் படம் பிடிக்க யாரும் வந்ததில்லை. அதில் தூங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்கும் புடவைக் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்களும், காலடியில் பலாக்காய் வைத்திருக்கிற பெண்களும்தான் இருப்பார்கள்.

என் அப்பா அந்தப் பாதையில் கேங் வேலை செய்தார். தண்டவாளத்தைப் பராமரிக்கிற கூட்டத்துக்குக் கேங் என்று பெயர். காலையில் சுத்தியலும் திருகு சாவியும் எடுத்துக்கொண்டு தங்கள் பங்குத் தூரத்தை நடந்து, தளர்ந்ததை முடுக்கி, சரளைக் கல்லை இடித்து, மழை பெய்தால் தண்ணீர் வடியக் கான் வெட்டிவிடுவார்கள். அவர்களுக்கென்று பாதையோரம் ஒரு வளைவில் ஒரே வரிசையாக ஓர் அறைக் காம்பராக்கள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரியேதான். சுற்றிலும் கொழுந்துக்குப் பதிலாகத் தண்டவாளம். நான் அங்கேதான் பிறந்தேன்.

அந்த வளைவுக்கு ரோட்டு கிடையாது. கேங் ஆட்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் இறக்க ரயில் அங்கே நின்று போகும். நிற்கிற ரயிலில் ஆள் ஏறாமல் இருக்குமா? முதலில் நோயாளிகள் ஏறினார்கள், பிறகு பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு எல்லோரும். சாமான் இறக்குவது நின்று பல காலம் ஆன பிறகும் ரயில் நிற்பது நிற்கவில்லை. சட்டத்தில் இல்லாத ஒரு வழக்கம் சாரதிக்குச் சாரதி கைமாறி வந்தது.

அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சிவப்புத் துணியைத் தொடவே கூடாது, அது ஆபத்துக்கு மட்டும். கையை ஆட்டினால் பிள்ளைகள் டாட்டா காட்டுவதாக நினைத்துச் சாரதி போய்விடுவார். அதனால் குடை. மடித்த குடையைத் தலைக்கு மேல் நேராகப் பிடித்தால் ஏற ஆள் இருக்கிறது என்று அர்த்தம். விரித்த குடைக்கு ரயில் நிற்காது, அது மழைக்குப் பிடித்தது. ஆகவே மழை நாளில் ரயிலைக் கண்டதும் எல்லோரும் குடையை மடித்துக்கொண்டு நனைவோம். நனைந்துபோய் ஏறுகிற எங்களைப் பார்த்து உள்ளே இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், கையில் குடை இருந்தும் நனைகிற கூட்டம் என்று. சிங்களக் கார்ட் ஒருவர், “இக்மண்ட நங்கி, இக்மண்ட” என்று பெண்களை அவசரப்படுத்திக்கொண்டே பச்சைக் கொடியைச் சுருட்டியபடி நிற்பார். வருடப் பிறப்புக்கு அவருக்கு எங்கள் லயத்திலிருந்து ஒரு வாழைக்குலை போகும்.

அந்தக் குடைக்கு நின்ற ரயிலில் போய்த்தான் நான் படித்தேன், ஆசிரியர் ஆனேன்.

ஆன பிறகு வளைவிலிருந்து வெளியேறினேன். அதிக தூரமில்லை. லயத்தைத் தாண்டிக் கண்டிப் பக்கமாகப் போனால் ஓடைக்கு மேல் ஓர் இரும்புப் பாலம். அதற்கு அடுத்த பக்கத்தில் காணி வாங்கி, மிளகும் சாதிக்காயும் வைத்து, சீமெந்து வீடு கட்டினேன். அங்கிருந்து மேலே ஏறினால் பஸ் ரோட்டு. லயத்திலிருந்து பார்த்தால் என் வீட்டுக் கூரை தெரியும். என் வீட்டிலிருந்து பார்த்தால் லயம் தெரியாது. நான் மரங்களை அப்படித்தான் வைத்திருந்தேன்.

லயத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்பு இடாப்பில் பெயர் பதிய, பள்ளிக்கூடத்தில் சேர்க்க, அடையாள அட்டைக்கு மனு எழுத, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வந்தார்கள். நான் செய்துகொடுத்தேன். அதை இங்கே எழுதுவது என்னைப் புகழ்வதற்கு அல்ல. பிற்பாடு அவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு அதுதான் காரணம்.

பாதை நெடுகப் புதிய வீடுகள் வந்தன. ஊருக்கு ஊர் ரயில் நிறுத்தம் கேட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு சின்ன ஸ்டேசன் கூடிக்கொண்டு வந்தது: ஒரு சீமெந்துத் திட்டு, நாலு தூண், மேலே தகரம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சங்கம் அமைத்தோம். செயலாளர் வேறு யார்? நான்தான். மனு எழுதி எழுதி, கடைசியில் இடம் பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

எல்லோரும் வளைவில் கூடியிருந்தார்கள். எப்போதும் ரயில் நிற்கிற இடம் அதுதானே. லயத்துக்குப் பக்கத்தில் சில்லறைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, அதிகாரி உட்காரக் கதிரையும் குடிக்கப் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தார். நான் அதிகாரியைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னேன், இது வளைவு, சாரதிக்குத் தூரத்துப் பார்வை கிடையாது, பாலத்துக்கு அந்தப் பக்கம் நேரான பாதை இருக்கிறது, அதுதான் பாதுகாப்பு என்று. அதில் பொய் எதுவும் இல்லை. அதிகாரிக்கும் அது சரியாகவே பட்டது.

நான் சொல்லாத காரணம் வேறு. என் மகளைப் பெண் பார்க்கக் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. அவர்கள் கேங் லயத்துக்கு முன்னால், காயப்போட்ட துணிகளுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில் இறங்கி, “மாஸ்டர் வீடு எது?” என்று கேட்டு, யாராவது ஒரு கிழவர், “நம்ம கேங்காரர் மவனா? இந்தக் காம்பராவுலதான் பொறந்தாரு” என்று கையைக் காட்டுவதை நான் ஆயிரம் தடவை மனதில் பார்த்துவிட்டேன். அவர்கள் என் கேட்டின் முன்னால் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டாள். அப்பாவோடு கேங்கில் வேலை செய்தவரின் மகள். என்னைவிட வயதில் நன்றாக இளையவள். கைக்குழந்தையாக இருந்தபோது நான் தூக்கி வைத்திருக்கிறேன். புருஷனை இழந்து, ஒரு மகனோடு, கண்டியில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலைக்குப் போய்வந்தாள். விடுதிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு முதல் ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

“அண்ணே, அங்கிட்டு வச்சா நாங்க பாலத்து மேலயா நடந்து வாறது?”

“பாலத்துல ஏன்? ஓடைக்கு எறங்கி, கல்லு மேல தாண்டி, என் காணியால ஏறினா நேரா ஸ்டேசன். அது எந்நாளும் நடக்கிற பாதை தானே.”

“ஒங்க காணியால போனா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?”

“நான் என்ன சொல்லப்போறேன்?”

“அப்ப சரி. அண்ணே சொன்னா நாங்க கையத் தூக்கிருவோம்,” என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கையும் தூக்கினார்கள்.

ஸ்டேசன் திறந்த அன்று எஞ்சினுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். மறுநாள் காலை பழக்கதோஷத்தில் அவள் வளைவில் நின்று குடையைத் தூக்கியிருக்கிறாள். சாரதி முன்பக்கம் கையைக் காட்டிவிட்டு ஓட்டிப் போய்விட்டார். அவர்மேல் தப்பில்லை. கொஞ்சத் தூரத்தில் சட்டப்படி ஸ்டேசன் இருக்கும்போது சட்டமில்லாத இடத்தில் அவர் எப்படி நிறுத்துவார்? ஸ்டேசன் வந்ததால் வழக்கம் செத்தது. நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான்.

ஆனாலும் பாதை இருந்தது. கொஞ்ச காலம் எல்லோரும் என் காணிக்குள்ளால் நடந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. சம்பந்தி ஒரு நாள் வந்து காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இப்படி நடக்க விட்டா நாளைக்குக் கோர்ட்டுல அவங்களுக்குப் பாதை உரிமை ஆகிரும். காணி வெல போயிரும்” என்றார். அதே வாரம் யாரோ சாதிக்காயைப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது குரங்காகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு ஒரு சாட்டு கிடைத்தது. நானாவின் கடையில் கம்பி முறுக்குகிற குறட்டை இரவல் வாங்கி, ஓடைப்பக்க எல்லை முழுவதும் முள்ளுக்கம்பி இழுத்தேன்.

அவள் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்தில் நின்றாள்.

“அண்ணே, காலையில மட்டும் தொறந்து விடுங்க. நான் ஒரு ஆளுதான் போறேன். வந்து கட்டிட்டுப் போறேன்.”

“ஒனக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறந்த மாதிரி.”

“மத்தவங்க ரெண்டாவது ரயில்ல போறவங்க. அவங்க மேல் பக்கமா சுத்திப் போயிருவாங்க. எனக்குச் சுத்திப் போனா ரயிலு போயிரும்.”

“கொஞ்சம் நேரத்தோட எழும்பு.”

“சரிங்க சேர்,” என்றாள். அதற்கு முன் அவள் என்னை ஒருநாளும் சேர் என்று கூப்பிட்டதில்லை.

அதன்பிறகு அவள் பாலத்தில் நடந்தாள். பாலத்தில் நடக்க இடம் இல்லை. தண்டவாளத்துக்கு இடையே சிலிப்பர் கட்டைகள், கட்டைகளுக்கு இடையே வெறும் வெளி, கீழே பாறையும் தண்ணீரும். ரயில் வருகிற நேரம் தெரிந்தவர்களுக்கு அது ஆபத்தில்லை என்று நாங்கள் எல்லோரும் எங்களுக்கே சொல்லிக்கொள்வோம். மழைக்காலத்தில் ஒரு காலை, கண்டிப் பக்கமிருந்து ஒரு தனி எஞ்சின், நேர அட்டவணையில் இல்லாதது, பனிக்குள் வந்திருக்கிறது. நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். ஹோர்ன் விடாமல் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு ஓடினேன். என் சொந்த முள்ளுக்கம்பியில், இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் மாட்டிக்கொண்டது. அதைக் கிழித்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன்.

அவள் குதித்திருந்தாள். தண்ணீரில் பாதியும் பாறையில் பாதியுமாகக் கிடந்தாள். நினைவு இருந்தது. எஞ்சின்காரர் அழுதுகொண்டே இறங்கி வந்தார். அவள் எங்கள் இருவரையும் பார்த்து, “புள்ளைங்க சோத்துக்கு இன்னும் அரிசி போடல. வார்டனுக்குச் சொல்லிவிடுங்க” என்றாள்.

ரயில்வேயிலிருந்து விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். முந்தின நாளே சங்கச் செயலாளரான எனக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். லயத்தில் இருப்பவர்களுக்கு முதல் ரயிலுக்கு வந்துசேரக் கிட்டத்தில் வேறு வழி இல்லையென்றால், முதல் ரயிலையாவது பழையபடி வளைவில் நிறுத்தச் சொல்லித் தன்னால் எழுத முடியும், அந்தப் பெண்ணுக்கும் ஏதாவது செய்யச் சொல்லி எழுத முடியும் என்று. வழி இருந்தும் பாலத்தில் போயிருந்தால் அது அத்துமீறல், குற்றம் அவள்மேல்.

நான் யோசித்தது இதுதான்: வழி இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்பார். கம்பியைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் வாக்குக் கொடுத்தவன் நான் என்று வெளிவரும். பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்.

விடியக் காலையில் நானாவிடம் போய்க் குறடு கேட்டேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. என் மனைவி ஒரு பக்கம் கம்பியைப் பிடித்துக்கொள்ள, நான் முறுக்கை அவிழ்த்தேன். அவளுடைய உள்ளங்கையில் முள் கிழித்து இரத்தம் வந்தது. அவள் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். பாதையில் முளைத்திருந்த புல்லைக் காலால் மிதித்துவிட்டேன்.

அதிகாரி என்னைச் சிங்களத்தில் கேட்டார், மாஸ்டர், இந்தப் பாதை எப்போதும் திறந்ததா என்று. ஆம் என்றேன். ஓடைக்கு அந்தக் கரையில் லயத்து ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். திறந்து கிடந்த வழியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அதிகாரி அவர்களையும் கேட்கச் சொன்னார். நானே தமிழில் கேட்டேன்: “பாதை இருக்குதானே?” அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். ஒருவர் மட்டும், “இன்னைக்கு இருக்குங்க” என்றார். அதை நான், இருக்கிறது என்று மொழிபெயர்த்தேன்.

மறுநாள் மறுபடி குறடு கேட்டுப் போனேன். நானா அதை எடுத்து மேசையில் வைத்தார்.

“மாஸ்டர், நேத்து தெறக்க. இன்டைக்கு மூடவா?”

நான் குறட்டுக்குக் கையை நீட்டினேன்.

“குறட்ட நீங்களே வச்சிக்கோங்க. எனக்கு வாணாம்,” என்றார். அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

அவள் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு கால் குட்டையாகி வீட்டுக்கு வந்தாள். விடுதி வேலை போய்விட்டது. இடியப்பம் அவித்து நானாவின் கடைக்குக் கொடுத்தாள். என் மனைவி அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் மேல் பக்கமாகச் சுற்றிப்போய் அந்த இடியப்பத்தை வாங்கிவந்தாள். எனக்கு இடியப்பம் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். வருடக்கணக்கில் அதைத் தின்றேன்.

நான் ஓய்வு பெற்றேன். மகள் வெளிநாட்டுக்குப் போனாள். ரயில் என் கேட்டுக்கு முன்னால் நின்று நின்று போனது. ஏறுகிறவர்களில் லயத்து முகங்கள் குறைந்தன. நான் நிம்மதியாக இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். மனச்சாட்சி என்னைத் தின்றது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்.

பிறகு ஒரு நாள் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, அதே இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளைப் புரட்டிப் படுக்கவைப்பதும், சட்டி வைப்பதும், கழுவிவிடுவதும் என் வேலையாயிற்று. புரட்டும்போது அவள் போடுகிற சத்தம் நான் அதுவரை கேட்டிராதது. ஒரு மத்தியானம், புரட்டி முடித்த பிறகு, கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: “எனக்கு நீங்க இருக்கீங்க. அவள யாரு பொரட்டிப் போட்டிருப்பா?”

யாரை என்று நான் கேட்கவில்லை. அவள் அந்தப் படுக்கையிலிருந்து எழும்பவில்லை.

காரியம் முடிந்த பிறகு வளைவுக்குப் போனேன். கால் வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் இடியப்ப உரலைப் பிடித்து மா பிழிந்துகொண்டிருந்தாள். தலைமயிர் முழுக்க நரைத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன்.

“விசாரிக்க அதிகாரி வந்த அன்னைக்கு அந்தக் கம்பிய நான்தான் அவுத்தேன். அவர் போனதும் கட்டினேன்.”

“தெரியுங்க சேர்.”

“நானா சொன்னாரா?”

“யாரும் சொல்லல. ஆஸ்பத்திரியில இருந்து வந்தன்னைக்கு என்னைத் தூக்கிட்டு வந்தாங்க. அந்தப் பக்கம் பாத்தேன். கம்பி எல்லாம் துரு. முறுக்கின எடம் மட்டும் பளபளன்னு இருந்திச்சி.” பிழிந்துகொண்டே பேசினாள். “இதச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?”

“ஏன் அப்பவே கேக்கல?”

“கேட்டு? எம் மவன் அப்ப ஒங்க ஸ்கூல்ல தானுங்களே படிச்சான்.” தட்டை எடுத்து நீட்டினாள். “ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்க. ஒங்க வீட்டு அம்மா இருக்கும்போது தெனமும் வாங்குவாங்க. நல்ல மனுஷி.”

மன்னிப்புக் கேட்டேன். அவள், “ம்” என்றாள். அது சரி என்பதா, கேட்டுவிட்டேன் என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். கம்பியை வெட்டி எறிந்தேன், அதே குறட்டால். ஓடைக்குக் கொங்கிரீட்டில் சின்னப் பாலம் போட்டு, மேட்டில் படிகளும் பிடித்து ஏறக் கம்பியும் வைத்தேன். பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய், அந்தத் துண்டைப் பொதுப்பாதையாகப் பிரதேச சபைக்கு எழுதிக்கொடுத்தேன். மகள் தொலைபேசியில் கத்தினாள். “அப்பா, காணிய நடுவால வெட்டிட்டீங்களே, இனி யாரு வாங்குவா?” என்றாள். ரயில்வேக்கு நடந்தது முழுவதையும் என் பெயர் போட்டு எழுதி, முதல் ரயிலை வளைவில் நிறுத்தித் தரும்படி கேட்டேன். அன்று விசாரிக்க வந்த அதிகாரி காலமாகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதில் வரவில்லை. வந்தாலும் எதற்கு என்று ஆகிவிட்டது, ஏனென்றால் அடுத்து அந்தப் பெருமழை வந்தது.

அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. மலைநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். மண் சரிந்து வீடுகள் போயின, உயிர்கள் போயின. எங்கள் பாதையில் பல இடங்களில் மண் வந்து தண்டவாளத்தை மூடியது. சில இடங்களில் கீழே மண் போய்த் தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. எங்கள் வளைவும் பாலமும் தப்பின. ரயில் நின்றுவிட்டது. அப்பா காலத்தில் கேங் இரவோடிரவாகக் கான் வெட்டியதை நினைத்துக்கொண்டேன். வளைவில் இப்போது கேங் இல்லை, லயம் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்டேசனில் ஆடு கட்டியிருக்கிறார்கள். லயத்து ஆட்கள் என் படிகளில் ஏறிப் பஸ் ரோட்டுக்குப் போகிறார்கள். சிலர் தலையசைக்கிறார்கள். அவள் மட்டும் அதில் வருவதில்லை. கிழமைக்கு ஒருநாள் கண்டி ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போகும்போது, குடையை ஊன்றிக்கொண்டு, குட்டைக் காலை இழுத்து இழுத்து, இரும்புப் பாலத்தின் மேல் வருகிறாள். நான் முற்றத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாள் பாலத்து முனையில் போய்க் காத்து நின்றேன்.

“படி கட்டியிருக்கேனே. புடிக்கக் கம்பியும் இருக்கு.”

“பாத்தேன் சேர். நல்லாத்தான் கட்டியிருக்கீங்க.”

“அப்ப ஏன் இதுல வாற?”

“இப்ப ரயிலு வராதுங்களே. பயமில்ல.”

“ரயில் திரும்ப ஓடும். ஆட்கள் வேலை செய்யிறாங்க. ரயில்வே ஆளுங்க ட்ரொலியில வந்து பாத்துட்டுப் போனாங்க.”

“ஓடட்டும். ஓடினா பாப்போம்,” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

இதுதான் இப்போது என்னை உறங்கவிடாதது. ஊரே ரயில் எப்போது ஓடும் என்று கேட்கிறது. நானும் கேட்கிறேன், வேறு காரணத்துக்கு. முதல் ரயில் வருகிற அன்று காலை அவள் எதில் வருவாள்? காது முன்போல் இல்லை என்று அவள் மகன் சொல்கிறான். மகன் சொன்னாலும் கேட்கிறாள் இல்லையாம். நான் அவளிடம் படிகளில் வா என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? முன்பு ஒருமுறை, பாலம் எதற்கு, என் காணியால் வா என்று சொன்னவனும் நான்தான்.

போன வாரம் அவள் மருந்துக்குப் போகிற நாளில், நான் மேல் பக்கமாகச் சுற்றி வளைவுக்குப் போய் நின்றேன். அவள் வந்ததும் பின்னால் நடந்தேன். அவள் பாலத்தில் கால் வைத்தாள். நானும் வைத்தேன். பையனாக இருந்தபோது இதில் ஓடியிருக்கிறேன். இப்போது நாலாவதோ ஐந்தாவதோ கட்டையில் குனிந்து கீழே பார்த்துவிட்டேன். இடைவெளிக்குள் தண்ணீர் ஓடியது. தண்ணீர் ஓட, நான் நின்ற கட்டையும் ஓடுவதுபோல் இருந்தது. நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

அவளும் நின்றாள். திரும்பவில்லை.

“கட்டையப் பாருங்க. தண்ணியப் பாக்காதீங்க.”

லயத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் நடை பழகும்போதே சொல்லித்தருகிற வார்த்தை அது. அவள் குடையைப் பின்பக்கமாக நீட்டினாள். நான் அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு கட்டை வைக்க, நான் ஒரு கட்டை வைத்தேன். அந்தக் கரைக்கு வர வெகு நேரம் எடுத்தது.

கரையில் குடையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு, பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள். நான் ஸ்டேசன் திட்டில் ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பின்னேரம் அவள் திரும்பி வந்தபோது படிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள், பாலத்தால் போனாள்.

நேற்று வளைவுக்கு அந்தப் பக்கம் சரளை கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். இனி ஒவ்வொரு விடியலிலும் பாலத்து முனையில் போய் நிற்பதென்று முடிவு செய்திருக்கிறேன். கையில் ஒரு குடை எடுத்துக்கொள்வேன். மடித்துத் தூக்கினால் எந்தச் சாரதியும் இன்று நிற்கப்போவதில்லை என்பது தெரியும். அதனால் அலுமாரியைத் திறந்து, என் மனைவியின் பழைய சேலைகளில் சிவப்பான ஒன்றைத் தேடி எடுத்து, துண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன்.